நேரம் தவறாத கேப்டன்

"கயிறைப் பிடி! பிடிங்கறேன்ல!"

"யாரைப் பிடிக்கச் சொல்றீங்க? கரையில ஒரு ஆட்டைத் தவிர யாரும் இல்லை!"

"ஆள் இருப்பான். எப்பவும் இருப்பான்."

"கப்பலுக்கு இருப்பான். இந்தத் தொட்டிக்கு எவன் வந்து நிப்பான்? யோவ் கேப்டன், கயிறு தண்ணிக்குள்ள போகுது—"

"அப்ப நீ குதி!"

"எனக்கு அறுபத்தஞ்சு வயசு!"

"குதிக்கறதுக்கு வயசு எதுக்கு?"

இப்படித்தான் நாங்கள் ஸ்கினூசா தீவுக்குள் நுழைந்தோம். வயசைச் சொல்லிக் கத்திய என் தங்கை ஸாம்பெத்தாதான் கடைசியில் குதித்தாள். குதித்து, ஈரக் கயிற்றை இழுத்து, துறையில் இருந்த இரும்பு வளையத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, பாவாடையை உதறிக்கொண்டே ஆட்டைப் பார்த்து, "நீயாவது ஒரு கை குடுத்திருக்கலாம்" என்றாள்.

சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நிகிதாஸ். கிரேக்கத்தில், எங்கள் நாக்ஸோஸிலிருந்து அமோர்கோஸ் வரை சின்னத் தீவுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் பயணிகள் கப்பலுக்கு முப்பது வருஷம் கேப்டனாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். வாங்கியது படகு, ஓட்டுவது என்னவோ இன்னமும் கப்பல். கரை நெருங்கினால் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்காக, "ஸ்கினூசா, ஸ்கினூசா! இறங்கறவங்க தயாரா இருங்க!" என்று அறிவிப்பார். புறப்படும்போது கையடக்க ஹாரன் ஒன்றை எடுத்துக் காது கிழிய ஊதுவார். கயிற்றை எறிந்தால் கரையில் பிடிக்க ஆள் இருப்பான் என்கிற நம்பிக்கையை மட்டும் யாராலும் அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

இந்த மனிதர்தான் ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டில், சிவப்பு முட்டையை முட்டையோடு மோதி உடைக்கும்போது என் தங்கையின் முட்டையை நொறுக்கிவிட்டு, "ஜெயிச்சவன் ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க."

"என்னைக் கட்டிக்கிறியா?"

என் வாய் நிறைய ஆட்டுக்கறி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஸாம்பெத்தா உடைந்த முட்டையை நிதானமாக உரித்து, உப்புத் தொட்டு, பாதியைத் தின்றுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரு தடவை கப்பல்காரனைக் கட்டிக்கிட்டேன், போதும்."

அவள் புருஷன் ஸ்தமாத்திஸ் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தவன். நல்லவன்தான். ஆனால் வருவான், மூட்டையைப் பிரிப்பான், பிரித்த மூட்டையைக் கட்டுவான், போவான். அவனை வழியனுப்பி அனுப்பியே பாதி வாழ்க்கை போனது அவளுக்கு. அவன் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்த பிறகு என்னிடம் சொன்னாள், "இன்னொரு தடவை துறையில நின்னு கையாட்டறதுக்கு என்னால ஆகாதுக்கா."

நிகிதாஸ் விடவில்லை. "நான்தான் ஓய்வு வாங்கிட்டேனே. எங்க போகப் போறேன்?"

"அதைத்தான் பாக்கணும்" என்றாள் ஸாம்பெத்தா. "உங்க படகுல இந்தத் தீவையெல்லாம் ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க. அம்மாம்பெரிய கடல்ல, இத்தனூண்டு படகுல, உங்களோட இருக்க முடியுதான்னு பாக்கறேன். அமோர்கோஸ் போய்ச் சேர்றப்ப பதில் சொல்றேன்."

நாக்ஸோஸ்காரர்களின் வாயை மூடுவதற்காக என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எனக்கென்ன, காற்று வாங்கினால் சரி.

ஆட்டிடம் விடைபெற்றுக்கொண்டு ஸாம்பெத்தா மேலே கிளம்பினாள். ஸ்கினூசாவில் ஊர் இருப்பது குன்றின் மேல். அங்கே விளையும் மஞ்சள் பருப்பை மசித்து, வெங்காயமும் எண்ணெயும் போட்டுத் தருவார்கள். அதைச் சாப்பிடாமல் வந்தால் நாக்ஸோஸில் எங்கள் அத்தை மகள் மானத்தை வாங்கிவிடுவாள்.

"நீங்களும் வாங்களேன், நிகிதாஸ்."

அவர் தாடையை மேலே தூக்கி, "த்ச்" என்றார். "நான் படகைப் பாத்துக்கறேன். அஞ்சு மணிக்குக் கிளம்பறோம்."

"கிளம்பலாம், கிளம்பலாம்" என்று அவள் போனாள்.

நான் படகிலேயே தங்கி, கீழே அறையில் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் சடசடத்ததில் மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. திடீரென்று ஹாரன் அலறியது. எஞ்சின் உறுமியது. வாணலி சரிந்து என் மேல் வந்தது. அதைப் பிடித்து நிறுத்தி, அடுப்பை அணைத்து, தலையை வெளியே நீட்டினால் குடாவின் வாயைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம். பாய் விரிந்துவிட்டது. நிகிதாஸ் சுக்கானில் ராஜா மாதிரி நிற்கிறார்.

"கேப்டன், ஸாம்பெத்தா எங்க?"

"கீழ இல்லையா?"

"கீழ நான்தான் இருக்கேன்!"

"முன்பக்கம்?"

"முன்பக்கம் பாயும் துண்டும்தான் இருக்கு!"

அவர் திரும்பிப் பார்த்தார். துறையில், ஆட்டுக்குப் பக்கத்தில், கையில் பையோடு ஒரு உருவம். இரண்டும் எங்களையே பார்க்கின்றன.

"மணி அஞ்சாயிடுச்சு, அக்கா" என்றார் நிகிதாஸ்.

"அதுக்கு?"

"அஞ்சாச்சுன்னா கை தானா ஹாரனுக்குப் போகுது."

"ஆள் ஏறிடுச்சான்னு பாக்க மாட்டீங்களா?"

"மேல நிக்கறவன் அதைப் பாக்க மாட்டான்கா. கீழ கதவுகிட்ட ஒருத்தன் இருப்பான். ஏத்தறதும் இறக்கறதும் அவன் வேலை. அவன் கையைத் தூக்கினா நான் கிளம்புவேன்."

"இப்ப எவன் கையைத் தூக்கினான்?"

அவர் பார்வை என் கைக்குப் போனது. என் கையில் கத்தரிக்காய் புரட்டும் கரண்டி. கரண்டியை ஒரு தடவை மேலே தூக்கிக் காட்டியிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தங்கையின் கைபேசிக்கு அடித்தேன். கீழே அறையில், அவள் தலையணைக்கு அடியிலிருந்து மணி ஒலித்தது.

"திருப்புங்க, திரும்பிப் போவோம்."

திருப்பத்தான் பார்த்தார். அதற்குள் குடாவின் வாய்க்கு எதிரே அவருடைய பழைய கப்பலே வந்து நின்றது. சாயங்காலக் கப்பல். அந்தக் குறுகல் குடாவுக்குள் கப்பல் நுழைந்தால் சின்னப் படகுகள் ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்தச் சட்டத்தை ஊரெல்லாம் கத்திக் கத்திச் சொன்னவர் நிகிதாஸ்தான். ஒதுங்கினோம். வடக்கிலிருந்து அடிக்கும் கோடைக்காற்று அன்று நல்ல முறுக்கில் இருந்தது. பாயை இறக்கவா, வைக்கவா என்று அவர் தடுமாறுவதற்குள் கப்பல் துறையைத் தொட்டு, ஆளை ஏற்றி, ஹாரன் ஊதிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. துறையில் ஆடு மட்டும் நின்றது.

கப்பல் எங்கள் பக்கமாக வந்தது. மிகவும் பக்கமாக. அதன் இப்போதைய கேப்டன் ஃபோதிஸ், நிகிதாஸிடம் தொழில் கற்றவன். விளையாட்டுப் புத்தி கொண்டவன்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்துக்கு" என்றது ஒரு பெண் குரல்.

"கடவுளே" என்றார் நிகிதாஸ்.

"வலது பக்கம் ஒரு சின்னப் படகு தெரியும். எல்லாரும் வந்து பாருங்க. அதுல தொப்பி போட்டுக்கிட்டு நிக்கறவர் இந்தக் கப்பலோட பழைய கேப்டன். என்னைக் கட்டிக்கப் போறேன்னு கூட்டிட்டு வந்தாரு. பருப்பு வாங்கிட்டு வர்றதுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டாரு."

தளம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். யாரோ விசில் அடித்தார்கள்.

"அக்கா! கத்தரிக்காய் கருகுது, இங்க வரைக்கும் வாடை வருது!"

"அடுப்பை அணைச்சுட்டேன்டீ!" என்று நான் கத்தியது காற்றோடு போனது.

"யோவ் கேப்டன்! அடுத்த தீவு கூஃபோனிசியில பாக்கலாம். கயிறு பிடிக்க ஆள் இருக்கும்."

ஃபோதிஸ் மூன்று முறை ஹாரன் ஊதிவிட்டுப் போனான். நிகிதாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காற்று மட்டும் அருமையாக இருந்தது. கருகாத கத்தரிக்காயில் நான்கு துண்டு தின்றேன்.

கூஃபோனிசியில் அவள் சொன்னபடியே நின்றாள். நிகிதாஸ் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. கயிற்றை எறிந்தார். அவள் ஒரே கையால் பிடித்து, கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அதுவரை சிரித்த முகம்தான். முடிச்சு இறுகியதும் சிரிப்பு போய்விட்டது.

"என் பெட்டியை எடுத்துக் குடுங்க. காலைக் கப்பல்ல நாக்ஸோஸ் போறேன்."

"ஸாம்பெத்தா, மன்னிச்சுக்கோ. கை தானா—"

"தெரியும். ஃபோதிஸ் சொன்னான். இந்த மனுஷன் பெத்த தாய்க்கே கப்பலை நிறுத்தினதில்லைன்னான்."

"அம்மா அன்னைக்குத் தாமதமா வந்தாங்க."

"பாத்தியாக்கா? இன்னும் அம்மா மேலதான் தப்பு!"

நான் இடையில் புகுந்தேன். "தெரியாம நடந்ததுதானேடீ. நீதான் மைக்கைப் பிடிச்சு நாலு தீவுக்கும் சொல்லிட்டியே. கணக்கு சரியாப் போச்சு."

"சிரிச்சேன், ஆமா. சிரிக்காம என்ன பண்றது? ஆனா அங்க ஆட்டுக்குப் பக்கத்துல நின்னப்ப சிரிப்பு வரலைக்கா." அவள் நிகிதாஸ் பக்கம் திரும்பினாள். "சரி, ஒண்ணு கேக்கறேன். முப்பது வருஷமா இங்க வர்றீங்க. அந்தக் காத்தாடி ஆலைக்குப் பின்னால என்ன இருக்கு?"

அவர் ஆலையைப் பார்த்தார். துறைக்கு மேலே வெள்ளையாக நின்றது.

"கடை" என்றார்.

"என்ன கடை?"

"...ஏதோ கடை."

"போனதே இல்லையா?"

"பத்து நிமிஷம்தான் நிப்போம், ஸாம்பெத்தா. எங்க போறது? இராக்லியா, ஸ்கினூசா, தொனூசா, எல்லா இடத்துலயும் துறைதான் தெரியும். துறையில ஒவ்வொரு கல்லும் தெரியும்."

"என் வீட்டுக்கும் அப்படித்தான் வருவீங்க. வாசலைத் தொட்டு, பத்து நிமிஷம் நின்னு, ஒரு ஹாரன்."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறையோரக் காப்பிக்கடைக்குப் போனாள். கடைக்கார மோஸ்கூலா மாடியில் ஒரு அறை வாடகைக்கு விடுபவள். நிகிதாஸ் பின்னாலேயே இரண்டு அடி போய் நின்றார்.

"காலையில பெட்டியை நான் தூக்கிட்டு வந்து கப்பல்ல ஏத்தி விடறேன். அதையாவது செய்ய விடு."

"செய்யுங்க. நேரத்துக்கு வந்துடுவீங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

அந்தச் சாயங்காலம் நானும் அவரும் படகில் உட்கார்ந்து ஊஸோ சாராயம் குடித்தோம். அவர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு ஆலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அங்க நிஜமாவே என்ன இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் நாக்ஸோஸ்காரி."

"நானும்தான்."

"போய்ப் பாத்தா யாராவது அடிப்பாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நான் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது படகில் ஆள் இல்லை. காப்பிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. சரி, பெட்டி தூக்கப் போயிருப்பார் என்று கடைக்குப் போனேன். ஸாம்பெத்தா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி காலடியில்.

"எங்க உன் கேப்டன்?"

"என் கேப்டனா? இங்க இல்லையா?"

"வந்தா உன்னை எதுக்குக் கேக்கப் போறேன்?"

மோஸ்கூலா மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "விடியறப்பவே பாத்தேன். ஆலையைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்து போனாரு. 'இந்த வழி எங்க போகுது'ன்னு கேட்டாரு. 'கடலுக்கு'ன்னேன். இந்த ஊர்ல எல்லா வழியும் கடலுக்குத்தானே போகும்."

"வந்துடுவாரு" என்றாள் ஸாம்பெத்தா. "கடிகாரம் நின்னாலும் அவர் நிக்க மாட்டாரு."

காப்பி குடித்தோம். இன்னொரு காப்பியும் குடித்தோம். துறையில் பயணிகள் சேர ஆரம்பித்தார்கள். மூட்டை, முடிச்சு, கூண்டில் ஒரு சேவல்.

"வரலையே" என்றேன்.

"வரலைன்னா என்ன? எனக்குக் கை இல்லையா? நானே தூக்கிப்பேன்."

"தூக்கிக்கோ."

"தூக்கிக்கறேன்." தூக்கவில்லை. "அக்கா, அந்தப் பக்கம் பாறையா இருக்குமாமே? குழி குழியா இருக்குமாமே?"

"யார் சொன்னா?"

"மோஸ்கூலாதான். அவருக்கு முழங்கால் வேற சரியில்லை. மாடிப்படி இறங்கறப்ப பாத்திருக்கியா? வலது காலை முதல்ல வச்சுத்தான் இறங்குவாரு."

"நான் பாத்ததில்லைடீ. நீ பாத்திருக்கே."

அவள் என்னை முறைத்தாள். முனையைச் சுற்றிக் கப்பல் வந்துகொண்டிருந்தது.

"அந்த மனுஷன் தாமதமா வந்து நான் பாத்ததே இல்லைக்கா. சாவு வீட்டுக்குக்கூட முதல் ஆளா வருவாரு. ஏதோ ஆயிடுச்சு."

"ஒண்ணும் ஆகியிருக்காது."

"விழுந்து கிடந்தா?"

மோஸ்கூலா, "என் தம்பியை மோட்டார் சைக்கிள்ல அனுப்பிப் பாக்கச் சொல்லட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே குரல் கொடுத்தாள். மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை. உதைக்கிற சத்தம் மட்டும் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.

கப்பல் துறையைத் தொட்டது. கதவு இறங்கியது. சேவல் ஏறியது, மூட்டைகள் ஏறின. ஃபோதிஸ் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஸாம்பெத்தா அத்தை! ஏறலையா? இன்னைக்கு மைக்கு வேணாமா?"

"கொஞ்சம் இருடா, ஃபோதிஸ்!"

"இருக்கறதா? எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவர் அதைக் கத்துக்குடுக்கலையே!"

"ஒரே நிமிஷம்!"

"வர்றீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

கீழே கதவருகில் நின்றவன் கையைப் பாதி தூக்கிவைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். ஸாம்பெத்தா கப்பலைப் பார்த்தாள். ஆலையைப் பார்த்தாள். எந்தத் துறையிலும் இனி யாருக்காகவும் நிற்க மாட்டேன் என்றவள், பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"போடா, போ! உன் நேரத்தையே கட்டிக்கிட்டு அழு!"

ஹாரன் அலறியது. கதவு ஏறியது. கப்பல் நுரையைக் கிளப்பிக்கொண்டு நாக்ஸோஸ் பக்கம் திரும்பியது. துறை காலியாகிவிட்டது.

"அப்ப அறையை வேற யாருக்கும் விடாம வச்சிருக்கட்டா?" என்றாள் மோஸ்கூலா.

ஸாம்பெத்தா திரும்பிப் பார்க்கவில்லை. "உன் தம்பியை அந்தச் சனியனை உதைச்சுக் கிளப்பச் சொல்லு முதல்ல."

அப்போதுதான் ஆலைக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி விட்டிருக்கிறார். சட்டை உடம்போடு ஒட்டிச் சொட்டுகிறது. ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். மூக்கு தக்காளி மாதிரி சிவந்துகிடக்கிறது. தொப்பியைக் காணோம். வரும்போதே கத்திக்கொண்டு வருகிறார்.

"ஸாம்பெத்தா! இந்தத் தீவுக்கு ஒரு பின்பக்கம் இருக்கு!"

அவள் எழுந்துவிட்டாள்.

"பாறையில இவ்வளவு பெரிய ஓட்டை. மேல வானம். கீழ பாத்தா கடல் உள்ள வந்து வந்து போகுது. தண்ணி எப்படி இருக்குங்கற! நான் இறங்கிட்டேன். சட்டையோடவே இறங்கிட்டேன். அக்கா, அங்க ஒரு பொம்பளை ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்து, 'ஊருக்குப் புதுசா?'ன்னு கேட்டா. ஆமாம்மான்னேன். பாலாடைக்கட்டி குடுத்தா. உனக்கும் வச்சிருந்தேன், வர்ற வழியில தின்னுட்டேன். ஆனா வா, இப்பவே வா, காட்டறேன். காத்து அந்தப் பக்கம் இருந்து அடிக்குது பாரு, இங்க நடக்கற ஒரு சத்தம் அங்க கேக்காது. அவ்வளவு அமைதி. உன் முழங்கால் தாங்குமா? என் முழங்காலே தாங்கிடுச்சு. கடைசியில கொஞ்சம் வழுக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்..."

பேச்சு மெல்ல நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துறையைக் கடைசிக் கல் வரை ஒரு முறை பார்த்துவிட்டு, கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டார்.

"ஆமா... கப்பல் இன்னும் வரலையா?"